பழைய கருவியும் புதிய அச்சுப்பொறியும்

அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்கள் பலவற்றில், அவசர அழைப்பு வந்ததும் தீப்பற்றிய இடத்தின் முகவரி தாளில் அச்சாகும். வீரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு வண்டியேறுவர். முகவரியை அனுப்பும் பழைய கருவி, 1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்னும் தொடர் இணைப்பின் வழியே எழுத்துகளைப் பிட் பிட்டாக அனுப்புகிறது. பழுதான அச்சுப்பொறிக்கு மாற்றாக இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் யுஎஸ்பி இணைப்பே உண்டு. வடத்தை மட்டும் மாற்றினால் போதாது. யுஎஸ்பி அச்சுப்பொறி தன்னை இயக்கக் கணினி ஒன்றை எதிர்பார்க்கும். எனவே, தொடர் இணைப்புடைய பொறியைத் தேடிப் பெறுவதே நன்று. அப்போதும் இருபுற வேகமும் ஒத்திருத்தல் வேண்டும். நொடிக்கு 1200 பிட்டாக வருவதை 9600 எனக் கொண்டால் பொருளற்ற குறிகளே அச்சாகும். இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. புள்ளி அச்சுப்பொறி வரிவரியாக அச்சிடும். லேசர் அச்சுப்பொறியோ, பக்கம் நிறையும்வரை அல்லது பக்கம் முடிந்தது என்னும் குறி வரும்வரை, வந்த வரிகளை நினைவகத்தில் வைத்துக் காத்திருக்கும். பழைய கருவி அக்குறியை அனுப்பாவிடின், நான்கே வரியிலான முகவரி பொறிக்குள்ளேயே கிடக்கும். வீரர்கள் வெறுந்தட்டைப் பார்த்து நிற்பர்.