வீட்டு மோடமும் அதன் பூட்டும்

அணையிலிருந்து புறப்பட்ட தண்ணீர் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டதனால் மட்டும் பயிர் விளைந்துவிடுவதில்லை. மடையைத் தக்க இடத்தில் வைத்து, வரப்பை உறுதிப்படுத்தி, அத்தண்ணீரைத் தம் வயலுக்குள் பாய்ச்சிக்கொள்ளும் வேலை விவசாயியைச் சேர்ந்தது. இணையத்தின் விஷயமும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பெற்றபோது, அது பெருநகரத்தாருக்கு மட்டுமே கிட்டும் பொருளாக இருந்தது. கிராமப் பஞ்சாயத்துக்களைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்தது. 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயரிடப்பட்டது. நம் மாநிலத்தில் இப்பணிக்கென்றே தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் என்னும் அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. இதனாலும் பிற நிறுவனங்களின் முயற்சியாலும், மோடம் என்னும் சிறு பெட்டி இன்று கிராம வீடுகளிலும் இடம்பெற்று வருகிறது.

பட்டா, சிட்டா விவரங்களைப் பார்வையிடுதல், 2018 முதல் நடைமுறையில் இருக்கும் உழவன் செயலி வாயிலாக விலை நிலவரத்தையும் மானிய விவரங்களையும் அறிதல், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம், வங்கிப் பணம் அனுப்புதல் ஆகிய யாவும் இப்பெட்டியின் வழியாகவே நடைபெறுகின்றன. பெட்டியை நிறுவ வரும் பணியாளர் அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துக் கைப்பேசியை இணைத்து, வேலை செய்வதைக் காட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒரே நாளில் அவர் பல வீடுகளுக்குச் செல்லவேண்டியிருக்கிறது. எஞ்சிய வேலை வீட்டுக்காரருடையது. அது கடினமான வேலையன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உடனிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெட்டி செய்யும் வேலை

வீட்டிற்குள் வரும் கம்பியின் நடுவே தலைமுடியளவு நுண்ணிய கண்ணாடி இழை ஒன்று இருக்கிறது. செய்திகள் அதன் வழியே ஒளித் துடிப்புக்களாக வந்து சேருகின்றன. பெட்டி அவ்வொளியை மின் குறிகளாக மாற்றி, பின்னர் வானொலி அலைகளாக வீட்டிற்குள் பரப்புகிறது. அந்த அலைகளைத்தான் வைஃபை என்கிறோம். இழையில் வரும் ஒளி நம் கண்ணுக்குப் புலனாகாத வகையைச் சேர்ந்தது. ஆகையால், கழற்றிய கம்பியின் முனையைக் கண்ணருகே வைத்து ‘வெளிச்சம் வருகிறதா’ என்று பார்த்தல் கூடாது. கம்பியை முழங்கைபோல் மடித்து ஆணியடிப்பதும் தவறு. உள்ளே இழை முறியும். அல்லது ஒளி வழியிலேயே கசிந்துபோகும். மிஞ்சிய கம்பியை ஒரு சாண் அகலத்திற்குக் குறையாத வளையமாகச் சுற்றிச் சுவரில் தொங்கவிடலாம்.

இழைக்கம்பி எட்டாத ஊர்களில் சிம் அட்டை பொருத்திய மோடம் தரப்படுகிறது. அது கைப்பேசிக் கோபுரத்திலிருந்து அலைகளைப் பெறுவதால், கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலருகே, கூடுமானால் மாடியில், வைக்கவேண்டும். இக்கட்டுரையில் பின்வரும் பிற செய்திகள் இருவகைப் பெட்டிகளுக்கும் பொருந்தும்.

வைக்கும் இடம்

கம்பி வீட்டிற்குள் நுழையும் வாசல் மூலையிலேயே பெட்டியை மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இதனால் அலைகளில் பாதி தெருவுக்குப் போய்விடுகின்றன. வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேற்பட்ட உயரத்தில், தடையின்றி வைப்பதே முறையாகும். அதற்காகக் கம்பியைச் சில அடி நீளம் கூடுதலாக இழுக்கச் சொல்லி, பணியாளர் வரும் நாளன்றே இடத்தைக் காட்டிவிடவேண்டும்.

வானொலி அலைகளுக்கு இரும்பும் தண்ணீரும் பெருந்தடைகளாம். கான்கிரீட் சுவரில் உள்ள கம்பிகள், தகரக் கூரை, இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பின்னால் அலை நலிந்துபோகும். இரண்டடிக் கனமுள்ள பழைய மண் சுவரும் கல் சுவரும் அவ்வாறே. ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் திருட்டுக்கு அஞ்சி, மோடத்தை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்ததைக் கண்டேன். மூன்று மாதங்களாக ‘வைஃபை வரவில்லை’ என்று மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே எடுத்துச் சுவரில் மாட்டியதும் கோளாறு நீங்கிற்று. காற்றோட்டமின்றி அடைத்துவைத்தால் பெட்டி சூடேறி ஆயுளும் குறையும்.

பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை சுவர்களைக் கடந்து சற்று தூரம் செல்லும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை வேகமானது. ஆனால் அடுத்த அறைக்குப் போவதற்குள் களைத்துவிடும். பெட்டியிருக்கும் கூடத்தில் 5-ஐயும், சமையலறை, திண்ணை, மாட்டுக்கொட்டகை ஆகிய இடங்களில் 2.4-ஐயும் உபயோகிப்பது நலம். தோட்டத்துப் பம்புசெட் அறைவரையில் எட்டும் என்று எதிர்பார்ப்பது வீண். அங்கேயும் தேவைப்பட்டால் லேன் கம்பியை 100 மீட்டர் தூரம்வரை கொண்டுசென்று, அதன் முனையில் மற்றொரு வைஃபை பெட்டியைப் பொருத்தலாம். அக்கம்பி செம்பினாலானது, ஆகவே இடிமின்னல் காலத்தில் இருமுனையிலும் கழற்றி வைத்துவிடவேண்டும்.

இரண்டு பூட்டுகள்

மோடத்திற்கு இரண்டு பூட்டுகள் உண்டென்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று வைஃபையில் சேருவதற்கான கடவுச்சொல். விருந்தினர் கேட்பது இதுவே. மற்றொன்று பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல். முன்னது தெருவாசற்கதவின் சாவி என்றால், பின்னது வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டகத்தின் சாவி. ஒரே வகைப் பெட்டிகள் பலவற்றில் இந்த இரண்டாவது சொல் ஒன்றாகவே இருப்பதுண்டு. ஊரறிந்த இரகசியம் என்று இதனைக் கூறலாம்.

மாற்றும் வழி இது. கைப்பேசியை முதலில் அந்த வைஃபையில் இணைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் குரோம் போன்ற செயலியைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில், பெட்டியின் அடிச்சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பதிக்கவேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 என்றிருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவையும் அதே சீட்டில் உள்ளன. இல்லையேல் நிறுவனத்தாரிடம் கேட்டுப் பெறலாம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிடவேண்டும். அடுத்து வயர்லெஸ் என்ற பகுதிக்குச் சென்றால் வைஃபையின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் ஆகிய மூன்றும் காணப்படும். பாதுகாப்பு முறையில் டபிள்யு.பி.ஏ.2 அல்லது 2018-ல் வந்த டபிள்யு.பி.ஏ.3 என்பதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ‘ஓபன்’ என்பதையோ, பழைய டபிள்யு.இ.பி. என்பதையோ தொடவே கூடாது. டபிள்யு.பி.எஸ். என்று ஒரு வசதி இருந்தால் அதனை நிறுத்திவிடுதல் உசிதம். சேமித்தவுடன் எல்லாக் கைப்பேசிகளும் இணைப்பிலிருந்து விலகிவிடும். இதைக் கண்டு திகைக்கவேண்டியதில்லை; புதிய சொல்லைக் கொடுத்து மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

வான் என்ற தலைப்பில் நிறுவனத்தாரின் கணக்குப் பெயர் முதலியன பதிவாகியிருக்கும். அங்கே கை வைக்கலாகாது. பெட்டியின் பின்புறத்துச் சிறு துளைக்குள் ஊசியால் அழுத்தினால் நாம் செய்த மாற்றங்களுடன் அந்தக் கணக்கும் அழிந்துபோகக் கூடும். பிறகு பணியாளர் வந்துதான் சரிசெய்ய நேரும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது அவசியம்.

கடவுச்சொல்லாகத் தம் கைப்பேசி எண்ணையே வைப்பவர் பலர். அந்த எண்ணோ டிராக்டரின் பின்புறத்திலும் கடைப்பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் காணப்படுகிறது! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை, அதாவது கலப்பை, அத்தை, தூறல், மிளகு என்பன போன்றவற்றை, ஆங்கில எழுத்துக்களில் தொடர்ந்தெழுதினால் நினைவில் நிற்கும். பிறர் ஊகிக்கவும் அரிது. (இங்கே அச்சேறிய நான்கையே வைத்துக்கொள்ள வேண்டாம்.) வைஃபையின் பெயர் தெருவில் போவோர் கைப்பேசியிலெல்லாம் தெரியும் என்பதையும் நினைவிற்கொள்க. சாதிப் பெயர், கட்சிப் பெயர், வீட்டு எண் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ வைத்தால் வம்பில்லை.

இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாதில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன், செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அது புறப்பட்ட இடத்தைப் புலனாய்வாளர் தேடிச் சென்றபோது, அத்தேடல் நவி மும்பையில் ஒரு வீட்டு இணைப்பில் போய் நின்றது. அந்த வீட்டின் வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. அயலார் அதனைப் பயன்படுத்தியிருந்தனர். ஒன்றுமறியாத வீட்டுக்காரர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரை நோக்கியே எழும்.

பணத்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி கூறவேண்டும். வங்கிச் செயலிகள் தம் செய்திகளை மறைமொழியாக்கியே அனுப்புகின்றன. ஆதலால், பக்கத்து வீட்டார் நம் வைஃபையில் சேர்ந்த மாத்திரத்தில் பணம் பறிபோய்விடும் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் அமைப்புப் பக்கம் தீயோர் கையில் சிக்கினால் நிலை வேறு. ஓர் இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்முகவரியைத் தேடித் தரும் ஏற்பாட்டை அவர் திருத்திவிட முடியும். அப்போது வங்கியின் பெயரைப் பதித்தவர் போலிப் பக்கத்தின் வாயிலில் போய் நிற்பார். அத்தகைய பக்கத்தில் கைப்பேசி எச்சரிக்கை காட்டினால் அதனைத் தள்ளிவிட்டு மேலே செல்லலாகாது.

தண்ணீர் கேட்டு வந்தவருக்கு இல்லையென்னாத வழக்கம் நம் ஊர்களுடையது. அடுத்த வீட்டுப் பெண் தேர்வு விண்ணப்பம் அனுப்பவேண்டும் என்று வந்து நின்றால் மறுக்க மனம் வருமா? மறுக்கவும் வேண்டாம். பல பெட்டிகளில் விருந்தினர் இணைப்பு என்று தனியே ஒன்றை ஏற்படுத்த இடமிருக்கிறது. அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம். வீட்டின் சொந்தச் சாவி கைமாறுவதில்லை.

மின்சாரமும் கோளாறும்

12 வோல்ட், 1 ஆம்பியர் என்று குறித்த அடாப்டரில் ஓடும் பெட்டி இரவும் பகலும் எரிந்தாலும் மாதம் 9 யூனிட்டிற்கு மேற்படாது. மின்தடை மிகுந்த ஊர்களில் மோடத்திற்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கிப் பொருத்தலாம்; வாங்குமுன் அடாப்டரில் உள்ள வோல்ட் அளவோடு அது ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆயினும் இழைக்குத் தாங்கலாகச் சில கம்பிகளில் எஃகுக் கம்பி சேர்ந்திருக்கும். அதனை மின்கம்பிகளின் அருகே இழுத்துவர எவரையும் அனுமதித்தலாகாது.

இணையம் நின்றுபோனால் விளக்குகளைப் பார்க்கவேண்டும். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ துடித்தாலோ ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். வழியில் கம்பி அறுந்திருக்கலாம். நிறுவனத்தாரிடம் புகார் செய்து, விளக்கின் நிறத்தையும் தெரிவித்தால் அவர்கள் வேலை எளிதாகும். எல்லா விளக்குகளும் பச்சையாக இருந்து இணையம் மட்டும் இல்லையெனில், பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம். வேகம் குறைவு என்று புகார் எழுதுமுன் ஒரு கணக்கை அறிந்துகொள்வது நல்லது. நிறுவனத்தார் கூறும் அளவு மெகாபிட். கோப்புக்களின் அளவோ மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். விநாடிக்கு 40 மெகாபிட் என்றால் 5 மெகாபைட்தான். 100 மெகாபைட் படக்காட்சி இறங்க 20 விநாடி ஆகும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில்

வீட்டைக் காட்டிலும் பஞ்சாயத்து அலுவலகத்திற்குப் பொறுப்பு அதிகம். 2020 முதல் இ-கிராம் ஸ்வராஜ் வாயிலாகப் பஞ்சாயத்தின் கணக்குகளும் பட்டுவாடாக்களும் கணினியில் நடைபெற்று வருகின்றன. அக்கணினி இருக்கும் இணைப்பிலேயே மனுக் கொடுக்க வந்தவர்களின் கைப்பேசிகளையும் சேர்ப்பது முறையன்று. பொதுமக்களுக்கு விருந்தினர் இணைப்பு ஒன்றை அமைத்து, அதன் கடவுச்சொல்லை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தலைவர் பொறுப்பில் வைத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். செயலர் மாறுதலாகிச் செல்லும் நாளில் அலுவலகச் சாவியைத் திரும்பப் பெறுவதுபோலவே, இரண்டு கடவுச்சொற்களையும் அன்றே மாற்றிப் புதிய உறை தயாரிக்கவேண்டும்.