கணினிப் பரணை ஒதுக்குவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி, சிவகிரி)

கிறிஸ்துமஸுக்கு முன்போ பொங்கலுக்கு முன்போ நம் வீடுகளில் பரணை ஒதுக்குவது வழக்கம். ஓட்டை அண்டாவும், கால் ஒடிந்த முக்காலியும், என்றோ வாங்கி மறந்துபோன புதுப் பாயும் ஒன்றாக இறங்கும். "இது இங்கேயா கிடந்தது!" என்று வீட்டார் வியக்காத ஆண்டே கிடையாது. கணினிக்கும் இத்தகைய பரண் ஒன்று உண்டு. அதற்கு ஹார்டு டிஸ்க் என்று பெயர். தமிழில் வன்தட்டு என்பர். அது நிரம்பிவிட்டால் என்ன ஆகும், அதில் எவ்வாறு இடம் செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வன்தட்டின் பிறப்பு விந்தையானது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் கணினியுடன் முதல் வன்தட்டை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவு பெரிய பூதத்தில் அடங்கியது எவ்வளவு தெரியுமா? சுமார் 5 மெகாபைட்டு மட்டுமே. இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றோ இரண்டோ வைத்தால் அது நிரம்பிவிடும்!

பைட்டு என்பது கணினியின் படியும் மரக்காலும் போன்ற அளவை. இக்காலத்தில் கணினியில் தமிழைச் சேமிக்கும் பொது முறையில் 'அ' என்னும் எழுத்துக்கு 3 பைட்டு வேண்டும். 'கா' என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்ததாதலால் 6 பைட்டு. நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். குறள் ஒன்றுக்கு ஏழு சீர். சீருக்கு எட்டுக் குறிகள் என்று தாராளமாகக் கொண்டாலும் ஒரு குறளுக்கு 168 பைட்டு. 1330 குறளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2,23,000 பைட்டு. அதாவது கால் மெகாபைட்டுக்கும் குறைவு. 3 மெகாபைட்டுள்ள ஒரு புகைப்படத்தின் இடத்தில் திருக்குறள் முழுவதையும் பத்து முறைக்கு மேல் எழுதி வைக்கலாம் என்றால் நம்ப முடிகிறதா? ஆகவே இடம் போதவில்லை என்று பாடக் குறிப்புகளையும் கடிதங்களையும் அழிப்பது வீண் வேலை. இடத்தை விழுங்குவன படங்களும், அவற்றினும் மேலாக வீடியோக்களுமே. சீசன் காலத்தில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் சென்று வருவோர் எடுக்கும் வீடியோ, தெளிவானதாக இருந்தால், நிமிடத்திற்கு 100 மெகாபைட்டையும் தாண்டும். சாரலில் நனைந்த ஒரு நாளுக்கு இரண்டு மூன்று ஜிகாபைட்டு போய்விடும்.

எங்கள் வீட்டில் இருப்பது அரசு வழங்கிய மடிக்கணினி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சில ஆண்டுகளில் எத்தனையோ சிற்றூர் வீடுகளில் முதல் கணினி என்று நுழைந்தது அதுதான். எங்கள் சித்தி பிளஸ் டூ படிக்கையில் பெற்றதை இன்று நாங்கள் பயன்படுத்துகிறோம். அதன் வன்தட்டு 320 ஜிகாபைட்டு. ஆனால் கணினி காட்டுவதோ 298! மீதி எங்கே போயிற்று என்று கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. வேறுபாடு எண்ணும் முறையில்தான். அந்த 298இலும் ஒரு பகுதி, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளத்திற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் இருந்து பார்த்தால் அப்பகுதி தென்படாது. எஞ்சியதில் 'சி' என்னும் பகுதி 100 ஜிகாபைட்டு. சென்ற ஆண்டு அதில் 2 மட்டுமே மிச்சமிருந்தது.

பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இடம் குறைந்தால் விண்டோஸ் அந்தக் கோட்டைச் சிவப்பாகக் காட்டும். இது வெறும் அலங்காரமன்று. நினைவகம் போதாதபோது கணினி வன்தட்டின் ஒரு மூலையையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்திக்கொள்ளும். அடுப்படித் திண்ணையில் இடமில்லாத அம்மா, குழம்புச் சட்டியைக் கூடத்தில் வைப்பது போல. கூடமும் நிரம்பினால் சமையல் எப்படி நடக்கும்? கணினி தடுமாறுகிறது, எழுதியதைச் சேமிக்க மறுக்கிறது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் இறங்க இடமின்றி நின்றுவிடுகின்றன.

இத்தகைய நிலையில் பலரும் செய்வது, கடைக்குக் கொண்டுபோய் "ஃபார்மட்" செய்வது. வன்தட்டைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குவது அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அவ்வாறே செய்தார்கள். கணினி குதிரையாய் ஓடியது. ஆனால் மூத்த மகள் திருமணப் படங்கள் அதில்தான் இருந்தன என்பது மறு வாரம்தான் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. இதைக் கண்ட பிறகே, எங்கள் வீட்டில் ஃபார்மட் பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் ஒதுக்கத் துணிந்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது குப்பைத் தொட்டி. ரீசைக்கிள் பின் என்று திரையில் தெரியுமே, அதுதான். நாம் அழித்தவை அங்கே போய்க் குந்தியிருக்கின்றன. காலி செய்யும் வரை ஒரு பைட்டும் மிச்சமில்லை. எங்களுக்கு இதில் மட்டும் 5 ஜிகாபைட்டு கிடைத்தது. காலி செய்யுமுன் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பது நன்று. பென் டிரைவில் அழிப்பவையோ பெரும்பாலும் இத்தொட்டிக்கு வருவதில்லை, நேரே போய்விடும்.

அடுத்தது விண்டோஸிலேயே உள்ள 'டிஸ்க் கிளீனப்'. நிரல்கள் வேலை முடிந்தும் விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்புகளை இது கூட்டித் தள்ளும். எங்களுக்கு 3 ஜிகாபைட்டு. விண்டோஸ் 10 போன்ற பின்வந்த பதிப்புகளில் அமைப்புகள் பகுதியிலும் இதே வசதி உண்டு. அங்கே மட்டும் சற்றுக் கவனம் தேவை. நீக்கக்கூடியவற்றின் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் இடம்பெறும். நுழைவுச் சீட்டும், மதிப்பெண் பட்டியலின் நகலும் நம் வீடுகளில் வேறெங்கே கிடக்கின்றன? அந்தக் கட்டத்தில் குறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியை ஆழ்ந்து உறங்கவைக்கும் வசதிக்கென ஒரு பெரிய கோப்பு மறைந்திருக்கும். எங்கள் விண்டோஸ் 7இல் அது நினைவகத்தின் முக்கால் பங்கு, அதாவது 1.5 ஜிகாபைட்டு. அதைத் தேடிப்பிடித்து அழிக்க இயலாது. அவ்வசதியை நிறுத்தினால் தானே மறையும். இதற்குக் கணினி ஆசிரியையின் துணையை நாடினோம். விண்டோஸ் என்ற பெயருள்ள கோப்புறைக்குள் கைவைத்து எதையும் அழிக்கலாகாது. வேண்டாத நிரல்களையும் கன்ட்ரோல் பேனல் வழியாகவே நீக்க வேண்டும். செடியை வெட்டுவதற்கும் வேரோடு பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இனித்தான் பெரிய வேலை. கோப்புகளை அளவுப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. ஒரே கைப்பேசியிலிருந்து மூன்று முறை படங்களை இறக்கியிருந்தோம், மூன்று கோப்புறைகளில். ஒரே திரைப்படம் இரண்டு இடங்களில். இரட்டைகளை நீக்கியதும் 11 ஜிகாபைட்டு கிடைத்தது. படங்களைச் சுருக்கிக் கட்டினால் இடம் மிஞ்சுமே என்று சிலர் ஜிப் கோப்பாக்குவர். புகைப்படங்கள் எடுக்கும்போதே சுருக்கப்பட்டவை. பிழிந்த எலுமிச்சையை மறுபடி பிழிவதில் பயனில்லை.

அவ்வரிசையின் அடிமட்டத்தில், வெறும் எண்களே பெயராகக் கொண்ட ஓர் ஒலிக்கோப்பு இருந்தது. முந்நூறு கிலோபைட்டுதான். திறந்து பார்த்தால் எங்கள் ஆச்சியின் குரல்! பழைய பட்டன் கைப்பேசியில் யாரோ பதிந்தது. மழை பெய்யுமா, எலுமிச்சை என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள், நடுவில் இருமல். ஆச்சி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா அதை நான்கு முறை போடச் சொன்னார்கள். ஃபார்மட் செய்திருந்தால் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அதன்பின் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். அரியவற்றை ஒரு வெளித் தட்டில் படியெடுத்து, திறந்து பார்த்து, ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்கிறோம். பென் டிரைவுக்கு மாற்றிவிட்டுக் கணினியில் அழித்துவிட்டால் அது இடமாற்றமே. அப்போதும் படி ஒன்றுதான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டில் 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் கணக்கில் சேர்கின்றன. கைப்பேசியும் கூகுள் போட்டோஸும் இணைந்திருக்கும்போது ஓரிடத்தில் அழித்தால் மற்றதிலும் மறையக்கூடும் என்பதையும் தோழியர் அறிந்திருத்தல் வேண்டும்.

தவறி அழிந்துவிட்டால்? தொட்டியிலும் இல்லையென்றால், உடனே அந்தத் தட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். பழைய காந்தத் தட்டில் கோப்பு அழிந்ததும் அதன் முகவரி மட்டுமே நீங்குகிறது. மேலே வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், மீட்பு நிரல்கள் அதைத் தேடி எடுக்கலாம். புதிய கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. வகையில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது விரைவில் தானே துடைத்துவிடுகிறது.

எங்கள் 'சி' பகுதியில் இப்போது 22 ஜிகாபைட்டு காலியாக உள்ளது. கோடு நீலமாகிவிட்டது. பாஸ் லினக்ஸ் பகுதியை நாங்கள் தொடவில்லை. அதைத் திறந்து கற்பது அடுத்த கோடை விடுமுறைக்கு.