கவனப் பயிற்சியும் ஒரு சுரப்பு நீரும்

அச்சம் மனத்தில் மட்டும் குடியிருப்பதன்று. கண்ணையும் அது ஆளுகின்றது. இலக்கிய மன்றத்தில் பேச எழும் மாணவனுக்கு எதிரே 40 முகங்கள் இருக்கலாம். இயல்பாகவே அஞ்சும் மாணவனாயின், அவற்றுள் சுளித்திருக்கும் ஒரே முகத்தை அவன் கண் தேடிப் பற்றிக்கொள்ளும். ஏனைய முகங்கள் அவனுக்கு இல்லாதவை போலாகிவிடும். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இது பழகிய காட்சி. “கவனி” என்று அவனை அதட்டுவதால் பயனில்லை. அவன் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான், ஆகாத இடத்தை!

இதனை அளந்து காட்ட உளநூல் வல்லுநர் ஒரு வழி கண்டனர். மக்லியாட், மாத்யூஸ், டாட்டா என்னும் மூவர் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை அது. அச்சந் தரும் சொல் ஒன்றும் சாதாரணச் சொல் ஒன்றும் திரையில் அரை நொடி தோன்றி மறையும். உடனே இரண்டில் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி தோன்றும். கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பதற்றம் மிக்கோர், அச்சச் சொல் இருந்த இடத்தில் புள்ளி வந்தபோது விரைந்து அழுத்தினர். அவர்தம் கவனம் முன்னரே அங்குச் சென்று நின்றது என்பதன்றோ பொருள்! பின்னர்ச் சொற்களுக்குப் பதிலாக முகப் படங்களும் பயன்பட்டன.

சோதனையையே பயிற்சியாக்கலாமே என்ற எண்ணமும் எழுந்தது. புள்ளியை எப்போதும் சாதாரணச் சொல்லின் பக்கமே தோன்றச் செய்து, நூற்றுக்கணக்கான முறை பழக்கினால் கவனம் தானே திசை திரும்பும் என்பது கருத்து. 2002ஆம் ஆண்டில் மக்லியாட் குழுவினர் அவ்வாறு திருப்பிக் காட்டினர். ஆயினும் பிற்கால ஆய்வுகள் பலவற்றில் பதற்றம் சிறிதளவே குறைந்தது, சிலவற்றில் குறையவேயில்லை.

பயிற்சிக்குத் துணை தேடியோர் கண்ணில் பட்டதே ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். மூளையின் அடிப்பகுதியில் உருவாகிப் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி வழியே இரத்தத்தில் கலப்பது இது. பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஹென்றி டேல் 1906இல் எடுத்துரைத்தார். மகப்பேற்றுக்கும் பால் சுரந்து வெளிவருவதற்கும் உதவும் இப்பொருள், ஒன்பது அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி. 1953இல் இதனைச் செயற்கையாக ஆக்கிய டு விக்னோ, 1955இல் நோபெல் பரிசு பெற்றார்.

இதற்கும் அச்சத்திற்கும் என்ன தொடர்பு? மூளையில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றோர் உறுப்பு உண்டு. ஆபத்தை விரைந்து உணர்த்துவது அது. ஆக்சிடோசினை மூக்கின் வழியே பெற்ற ஆடவர்க்கு, அச்சமுற்ற முகங்களைக் காட்டியபோது அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்திருந்ததை 2005இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கிளர்ச்சி தணிந்திருக்கும் வேளையில் பயிற்சி அளித்தால், கவனம் எளிதில் திரும்பலாம் அல்லவா?

நல்ல ஊகம், ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த ஹார்மோன் அச்சத்தைத் தணிப்பதன்று, பிறர் முகக்குறிகள் அனைத்தையும் மிகுத்துக் காட்டுவதே அதன் வேலை என்போர் உளர். அரிக்கேன் விளக்கின் திரியை உயர்த்தினால் பூவும் தெரியும், பாம்பும் தெரியும். அவ்வாறாயின், பயிற்சியின்றி மருந்து மட்டும் பெற்ற அஞ்சுவோன் சுளித்த முகத்தை இன்னும் தெளிவாகக் காணக்கூடும்! மூக்கில் தெளித்ததில் எவ்வளவு மூளையை எட்டுகிறது என்பதிலும் ஆய்வாளரிடையே வழக்கு ஓயவில்லை. ஆதலால், இதனைத் தேர்வு அச்சத்திற்கு மருந்தென்று எவரேனும் விற்க வந்தால், மாணவர்களே, வாங்காதீர்கள்.

உண்மையை அறிய நான்கு குழுக்கள் வேண்டும். முதற்குழுவிற்கு மருந்தும் பயிற்சியும். இரண்டாவதற்கு மருந்தும் பொய்ப் பயிற்சியும். மூன்றாவதற்கு வெறும் நீரும் பயிற்சியும். நான்காவதற்கு வெறும் நீரும் பொய்ப் பயிற்சியும். யார் எதைப் பெற்றார் என்பது பெற்றவர்க்கும் தெரியலாகாது, அளப்பவர்க்கும் தெரியலாகாது. முதற்குழு மட்டும் தேறினாற் போதாது. மருந்து தனித்துத் தந்த பயனையும் பயிற்சி தனித்துத் தந்த பயனையும் கூட்டினால் வருவதைவிட அவர்கள் தேறியது மிகுதியானால்தான், ஹார்மோன் பயிற்சிக்குத் துணை நின்றது என்று சொல்ல இயலும்.