பனிக்கட்டிக்காக எழுந்த சுவர்கள்

சென்னை மெரினா கடற்கரையை நோக்கி நிற்கும் விவேகானந்தர் இல்லம் இன்று கண்காட்சிக்கூடமாக அறியப்பட்டாலும், 1842-இல் அது கட்டப்பட்டது, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து விற்பதற்காகவே ஆகும். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்துப் பாளங்களாக்கி வெப்ப நாடுகளில் விற்ற ஃபிரெடரிக் டியூடர், 1833-இல் கல்கத்தாவுக்கு ஏறத்தாழ 180 டன் அனுப்பியபோது, ஆப்பிரிக்காவைச் சுற்றி நான்கு மாதம் பயணித்த பின்னும் 100 டன் அளவுக்கு எஞ்சியிருந்தது.

இது சாத்தியமானதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டி வெப்பநிலை மாறாமல் நீராக உருகுவதற்கு மட்டுமே சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். இதனை உருகலின் உள்ளுறை வெப்பம் என்பர். அந்த வெப்பம் எளிதில் உட்புகாதவாறு தடுப்பது பாளங்களைச் சுற்றி நிரப்பிய மரத்தூள். அதன் துகள்களிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று ஓர் அரிதிற்கடத்தி, அதாவது வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் பொருள். உள்நாட்டு ஊர்களில் ஐஸ் பாளத்தை உமியிலும் மரத்தூளிலும் மூடிவைத்ததன் அடிப்படையும் இதுவே. சேர்த்து அடுக்கிய பெருங்குவியலில் வெளிப்பரப்பு ஒப்பளவில் குறைந்துவிடுவதால், கிடங்கு பெரிதாக இருப்பதே ஒரு பாதுகாப்பாகும்.

ஆகவே இக்கட்டடம் வெயிலையும் காற்றையும் விலக்குவதற்கென்றே உருவானது. மனிதர் வாழ்வதற்கோ அவை இரண்டும் வேண்டும். 1870-களில் நீராவி இயந்திரத்தின் உதவியால் சென்னையிலேயே பனிக்கட்டி உற்பத்தியாகத் தொடங்கி, இறக்குமதி வணிகம் நலிந்த பின்னர், இக்கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வட்டமான தாழ்வாரங்களும் சன்னல்களும் சேர்த்து, நீதிபதி கெர்னனின் பெயரால் 'கெர்னன் கோட்டை' என்று அழைத்தார். கிடங்கு மாளிகையான கதையில் உண்மையான கட்டடக்கலைத் திறன் இந்தத் திருத்தத்தில்தான் உள்ளது எனலாம்.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கினார். அதன்பின் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் சில ஆண்டுகள் இங்கே மடம் நடத்தினார். 1917-இல் கட்டடம் அரசின் உடைமையானது. சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதியும், பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதியும் இதில் இயங்கின. 1963-இல் விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி இன்றைய பெயர் சூட்டப்பட்டது. 1997-இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகையாக வழங்கப்பட்டது.

டியூடர் காலத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் எழுந்த பனிக்கட்டிக் கிடங்குகளுள், அடுத்தடுத்துக் குடியிருப்போரைப் பெற்ற இது ஒன்றே இன்று எஞ்சியுள்ளது.