எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு நகர ரயில்

"ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும். அதனால்தான் காந்த ரயில் தண்டவாளத்தைத் தொடாமல் மிதக்கிறது." காந்தவியல் பாடம் முடிந்தபின் மிதக்கும் தொடர்வண்டியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் இப்படித்தான் விடை சொல்வார்கள். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஜப்பானில் நகோயாவின் அருகிலும், சீனாவில் சாங்ஷா, பெய்ஜிங் நகரங்களிலும் அன்றாடம் பயணிகளை ஏற்றிச் செல்லும் காந்த ரயில்கள் விலக்கு விசையால் மிதப்பவை அல்ல. அவை காந்தக் கவர்ச்சியால் கீழிருந்து மேலே இழுக்கப்படுகின்றன.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், இவ்வகை ரயிலை உருவாக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின, ஏன் பல முயற்சிகள் பாதியில் நின்றன என்பதெல்லாம் தெளிவாகும். ஓர் அறிவியல் கோட்பாடு பயன்பாட்டுக்கு வரும் வழியில் சோதனைக்கு என்ன இடம் உண்டு என்பதை மாணவர்களுக்குக் காட்டவும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வேகம் குறைவு, பயன் வேறு

காந்த ரயில் என்றதும் ஷாங்காய் விமான நிலைய ரயில் முன்பு எட்டிவந்த மணிக்கு 431 கி.மீ. வேகமும், 2015இல் ஜப்பானியச் சோதனை ரயில் எட்டிய 603 கி.மீ. வேகமும்தான் நினைவுக்கு வருகின்றன. நகருக்குள் ஓடும் ரயிலுக்கு அந்த வேகம் தேவையில்லை. ஓரிரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்கும்போது மணிக்கு 100 கி.மீ. வேகமே தாராளம்.

பிறகு எதற்காக மிதக்க வேண்டும்? சக்கரமும் தண்டவாளமும் உரசுவதில்லை என்பதால் ஓசை குறைவு. வீடுகளுக்கு அருகே உயர்த்தப்பட்ட பாதையில் ஓட இது ஏற்றது. தேய்மானமும் குறைவு. சாதாரண ரயில் ஏற்றத்தில் ஏறுவது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வை நம்பித்தான். காந்த ரயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நகோயா அருகே ஓடும் 'லினிமோ' 100 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் உயரம் ஏறக்கூடியது. மேலும், பெட்டியின் அடிப்பகுதி பாதையைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்தபடி அமைந்திருப்பதால் தடம் புரள்வது மிகக் கடினம்.

மேலே இழுத்தால் எப்படி மிதக்கும்?

பாதையின் இருபுறமும், கவிழ்த்து வைத்த 'ப' வடிவ எஃகுத் தண்டவாளம் ஓடுகிறது. பெட்டியின் அடியிலிருந்து கைபோல வளைந்து செல்லும் சட்டம், அந்தத் தண்டவாளத்தின் கீழே போய் நிற்கிறது. அச்சட்டத்தில் மின்காந்தங்கள் பொருத்தப்பட்டுள்ளன. மின்சாரம் பாய்ந்ததும் மின்காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகை நோக்கி இழுக்கப்படுகிறது. அதோடு பெட்டியும் மேலே எழும்புகிறது. மின்காந்தத்துக்கும் எஃகுக்கும் இடையே விடப்படும் இடைவெளி சுமார் 8 மி.மீ. நம் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் பென்சிலின் தடிமனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இடைவெளி குறைந்தால் கவர்ச்சி விசை கூடும். விசை கூடினால் இடைவெளி இன்னும் குறையும். முடிவில் காந்தம் எஃகில் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி கூடினாலோ விசை குறைந்து பெட்டி கீழே இறங்கிவிடும். நடுவில் தானாக நிற்கும் நிலை கிடையாது. நிலையான காந்தங்களை மட்டும் கொண்டு ஒரு காந்தத்தை அந்தரத்தில் உறுதியாக நிறுத்த முடியாது என்பதை 1842இலேயே சாமுவேல் எர்ன்ஷா கணித வழியில் நிறுவினார். ஒத்த துருவங்களை வைத்தாலும் இதே கதிதான். மேலே இருக்கும் காந்தம் பக்கவாட்டில் நழுவிப் புரண்டுவிடும்.

தீர்வு பின்னூட்டத்தில் இருக்கிறது. ஓர் உணரி இடைவெளியை அளந்துகொண்டே இருக்கிறது. அந்த அளவைப் பெறும் கட்டுப்பாட்டுக் கருவி, காந்தத்துக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது. பயணி அமைதியாக அமர்ந்திருக்க, அவருக்குக் கீழே ஓயாத திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

ஓடுவதற்கும் சக்கரம் தேவையில்லை. சுழலும் மின்மோட்டாரை நீளவாக்கில் வெட்டி விரித்ததுபோல் ஒரு சுருள் தொகுப்பு பெட்டியின் அடியில் இருக்கிறது. தண்டவாளத்தின் மேல் அலுமினியத் தகடு பதிக்கப்பட்டுள்ளது. சுருளில் நகரும் காந்தப்புலம் உருவாகும்போது தகட்டில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு, அவற்றின் எதிர்வினையால் வண்டி முன்னே தள்ளப்படுகிறது. இதுவே நேரியல் தூண்டல் மோட்டார். பாதையில் விலையுயர்ந்த சுருள்களைப் பதிக்க வேண்டியதில்லை என்பதால் நகரப் பாதைக்கு இது சிக்கனமானது.

சோதனைத் தடங்கள் கற்பித்தவை

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் கெம்பர் காந்த ரயிலுக்கான காப்புரிமையை 1934லேயே பெற்றுவிட்டார். நகர மக்கள் அதில் ஏறிச் செல்ல அதன்பின் அரை நூற்றாண்டு ஆனது.

1984இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் விமான நிலையத்துக்கும் அருகிலிருந்த ரயில் நிலையத்துக்கும் இடையே சுமார் 600 மீட்டர் தூரத்துக்கு ஒரு சிறிய காந்த ரயில் ஓடத் தொடங்கியது. மணிக்கு 42 கி.மீ. வேகம்தான். பதினொரு ஆண்டுகள் ஓடியபின் 1995இல் அது நிறுத்தப்பட்டது. மிதக்கும் கோட்பாடு தோற்கவில்லை. மின்னணுப் பாகங்கள் பழசாகி, மாற்றுப் பாகம் கிடைப்பது அரிதானதும் பழுதுகள் பெருகியதுமே காரணம். உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் செய்து தருபவர் யார்?

மேற்கு பெர்லினில் 1.6 கி.மீ. நீளத்துக்கு 'எம்-பான்' அமைக்கப்பட்டது. எடையின் பெரும்பகுதியை நிலைக்காந்தங்களும் மீதியைச் சிறு சக்கரங்களும் தாங்கின. பெர்லின் சுவரால் துண்டிக்கப்பட்டுக் கிடந்த சுரங்க ரயில் தடத்தின் இடத்தில் அது ஓடியது. 1989இல் சுவர் வீழ்ந்ததும் பழைய தடத்தை மீண்டும் இணைக்க வேண்டியதாயிற்று. 1991 ஜூலையில் முறையான சேவை தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே எம்-பான் மூடப்பட்டது. வரலாறு மாறியதால் ஒரு தொழில்நுட்பம் வழிவிட்டது.

அமெரிக்காவின் நார்ஃபோக்கில் உள்ள ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் இயற்பியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. வளாகத்துக்குள் மாணவர்களை ஏற்றிச் செல்ல, சுமார் ஒரு கிலோமீட்டர் உயர்பாதை கட்டப்பட்டது. நுட்பத்தை எல்லாம் வண்டியில் வைத்துவிட்டுப் பாதையை எளிமையாக, மலிவாக அமைப்பது திட்டம். 2002இல் வண்டியை இயக்கிப் பார்த்தபோது அது நடுங்கியது. காந்தம் இழுக்கும்போது உத்திரம் சற்று வளைகிறது. உத்திரம் வளைந்தால் இடைவெளி மாறுகிறது. இடைவெளி மாறினால் மின்னோட்டம் மாறுகிறது. மின்னோட்டம் மாறினால் மீண்டும் உத்திரம் வளைகிறது. இந்தச் சுற்று உத்திரத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு இணைந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். பாடத்தில் நாம் ஒத்ததிர்வு என்று சொல்வது இதைத்தான். நிதி தீர்ந்தது, திட்டமிட்டபடி அந்த ரயில் மாணவர்களை ஏற்றிச் செல்லவே இல்லை.

பாதையும் வண்டியும் ஒரே இயந்திரத்தின் இரு பகுதிகள் என்பதே இதன் படிப்பினை. காந்த ரயில் நின்றுகொண்டிருக்கும்போதும் மெதுவாக நகரும்போதும் இந்த நடுக்கம் எழக்கூடும் என்பதால், குறைந்த வேகம் என்பது எளிதான வேலை என்று எண்ணிவிட முடியாது.

சோதனையைத் தாண்டி வந்தவை

ஜப்பானில் இந்த முயற்சியைத் தொடங்கியது ஒரு விமான நிறுவனம். டோக்கியோவிலிருந்து நரிதா விமான நிலையத்துக்கு விரைவாகச் செல்ல ஒரு வழி தேடிய ஜப்பான் ஏர்லைன்ஸ், 1970களில் இவ்வகை வண்டிகளைச் சோதித்தது. 1985இல் சுகுபாவிலும், 1986இல் கனடாவின் வான்கூவரிலும், 1989இல் யோகோஹாமாவிலும் நடந்த கண்காட்சிகளில் பொதுமக்கள் அவற்றில் ஏறிப் பார்த்தனர். 1991இல் நகோயாவில் சுமார் 1.5 கி.மீ. சோதனைத் தடம் அமைக்கப்பட்டு, வளைவு, ஏற்றம் ஆகியவற்றில் எல்லாம் வண்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது. இறுதியில் 2005 மார்ச் 6 அன்று, ஐச்சி உலகக் கண்காட்சியை ஒட்டி, 8.9 கி.மீ. நீளமும் 9 நிலையங்களும் கொண்ட லினிமோ திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாமல், மணிக்கு 100 கி.மீ. வரை அது செல்கிறது.

இத்தனை சோதனைக்குப் பிறகும் நடைமுறை புதிய கேள்விகளை எழுப்பியது. கண்காட்சிக் கூட்டம் அளவுக்கு மீறி ஏறியபோது எடையைத் தூக்க முடியாமல் வண்டி புறப்படாமல் நின்றதும் உண்டு. பலத்த காற்று வீசும்போது சேவை நிறுத்தப்படுவதும் உண்டு.

2016இல் இரண்டு தடங்கள் திறக்கப்பட்டன. பிப்ரவரியில் தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தில் 6.1 கி.மீ. தடம் இலவசச் சேவையாகத் தொடங்கியது. பயணிகள் எண்ணிக்கை குறைவு, பராமரிப்புச் செலவு அதிகம் என்ற நிலையில் 2022இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் சீனாவின் சாங்ஷாவில், ரயில் நிலையத்தையும் விமான நிலையத்தையும் இணைக்கும் 18.55 கி.மீ. தடம் திறக்கப்பட்டது. 2017 இறுதியில் பெய்ஜிங்கின் எஸ்-1 தடமும் வந்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். காந்த ரயில் தன் தடத்தைவிட்டு வேறு தடத்தில் ஓட முடியாது. இருக்கும் மெட்ரோ பாதையோடு அதை இணைக்கவும் முடியாது. மிதக்க வைக்கவே தொடர்ந்து மின்சாரம் வேண்டும். இடைவெளி பெரிது என்பதால் நேரியல் மோட்டாரின் திறனும் சுழலும் மோட்டாரைவிடக் குறைவு. ஆகவேதான் இதன் மூலக் கருத்து பழமையானதாக இருந்தும், உலகில் இத்தகைய நகரத் தடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளன.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. வளையக் காந்தங்கள் இரண்டை ஒத்த துருவங்கள் எதிரெதிரே இருக்குமாறு ஒரு பென்சிலில் கோர்த்தால் மேல் காந்தம் மிதக்கும். பென்சிலை உருவினால் அது புரண்டு ஒட்டிக்கொள்ளும். எர்ன்ஷா சொன்னதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள். "பென்சில் செய்த வேலையை ரயிலில் எது செய்கிறது?" என்று கேளுங்கள்.

2. ஒரு நீண்ட குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். கண் உணரி, மூளை கட்டுப்பாட்டுக் கருவி, கை மின்காந்தம். கண்ணை மூடிக்கொண்டு முயன்றால் குச்சி உடனே விழும். பின்னூட்டம் என்ற சொல்லுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

3. உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு கணக்கு: மின்னோட்டம் மாறாதிருக்க, கவர்ச்சி விசை இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாகக் கொள்வோம். 8 மி.மீ. இடைவெளி 7 ஆகக் குறைந்தால் விசை 64/49 மடங்கு, அதாவது சுமார் 31 சதவீதம் கூடும். 9 ஆனால் 64/81 மடங்கு, அதாவது சுமார் 21 சதவீதம் குறையும். 8 மி.மீ. தூரம் தடையின்றி விழ ஆகும் நேரத்தையும் கணக்கிடச் சொல்லுங்கள். விடை சுமார் 0.04 நொடி. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திருத்தம் ஏன் தேவை என்பது அப்போது தானே புரியும்.

"மின்சாரம் போய்விட்டால் ரயில் விழுந்துவிடுமா, சார்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். வண்டியிலேயே மின்கலத் தொகுப்பு உண்டு. வண்டி பாதுகாப்பாக நிற்கும்வரை அது காந்தங்களுக்கு மின்சாரம் தரும். அதன்பின் வண்டி சில மில்லிமீட்டர் இறங்கித் தன் தாங்குகட்டைகள் மீது அமரும்.

மாணவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் சோதனைத் தடங்களில் பொறியாளர்களும் கேட்டார்கள்: மின்சாரம் போனால்? கூட்டம் கூடினால்? காற்று அடித்தால்? உத்திரம் நடுங்கினால்? "இப்படி ஆனால் என்ன ஆகும்?" என்று கேட்கும் மாணவர் பாடத்தைவிட்டு விலகிப் போகவில்லை. பாடத்தின் மையத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு வகுப்பில் நேரம் ஒதுக்குவோம்.