கோவிலுக்குள் ஒரு சுவர்

1745-ஆம் ஆண்டு. புதுவையின் அன்றைய சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் மேல்சாதிக் கிறிஸ்தவர். மறுபுறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர். தாழ்த்தப்பட்டோர் திரண்டு போய் முறையிட்டார்கள். பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்லும் செய்தி இது.

சுவரின் இருபுறமும் கேட்டது ஒரே வேதந்தான். கேட்டால் மட்டும் போதுமா?

இன்று விவிலியம் தமிழிலேயே கைக்குக் கிடைக்கிறது. தினம் ஒரு சிறு பகுதி படித்தாலும், யார், யாருக்கு, ஏன் சொன்னார் என்று பார்த்துப் படிக்கவேண்டும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காத்த சமாரியன் கதை, வெறும் இரக்கக் கதையாகத் தோன்றும். சமாரியர் யூதர்கள் ஒதுக்கி வைத்த இனத்தார் என்றறிந்தால் கதையின் பொருளே விரியும்.

படித்தபின், “என் மனத்தில் எந்தச் சுவர் நிற்கிறது?” என்று கேட்க வேண்டும். அதை இடிப்பதே வேதத்தின்படி வாழ்வது.