ரேடியோவுக்கு வெளி ஏரியல்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வேளையில் பாட்டரி ரேடியோதான் துணை. ஆனால் தூரத்து நிலையம் இரைச்சலாகக் கேட்கும்.

பலர் நீட்டுக் குச்சியில் ஒயரைக் கட்டிவிட்டு ஏமாறுகிறார்கள். மத்திய அலைக்கு அந்தக் குச்சி பயன்படாது. பெட்டிக்குள் இருக்கும் கருப்புப் பெரைட் தண்டுதான் அலையை வாங்குகிறது. அது பெரும்பாலும் மேல்புறம் நீளவாட்டில் கிடக்கும்.

சுமார் 50 அடி இன்சுலேஷன் ஒயரை வீட்டுக்கூரைக்கும் மரத்துக்கும் இடையே, காற்றில் மரம் ஆடினாலும் அறாதபடி சற்றுத் தொய்வாகக் கட்டவும். இறங்கி வரும் ஒயரை ரேடியோவைச் சுற்றி, தண்டுக்குக் குறுக்கே, எட்டுப் பத்துச் சுற்றுகள் சுற்றவும். மீதி முனையைச் சீவி, கைப்பம்பின் இரும்புக் குழாயைச் சுரண்டி இறுக்கவும். பெட்டியைத் திறக்கவோ பற்றவைக்கவோ வேண்டியதில்லை. இரண்டு நிலையங்கள் கலந்து கேட்டால் சுற்றுகளைக் குறைக்கவும்.

பம்புசெட் அருகே கட்டினால் மோட்டார் இரைச்சலும் சேர்ந்து வரும். மின்கம்பிக்கு மேலோ கீழோ, அறுந்தால் அதன்மேல் விழும் தூரத்திலோ கட்டவே கூடாது. மேகம் திரளும்போதே ஒயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடவும். இடி தொடங்கியபின் அதைத் தொடவேண்டாம்.